மஞ்சள் காரும் வெள்ளைக் கல்லும்

கதிரேசா,

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. நீ நன்றாகத்தான் சாப்பிடுகிறாய். போன மாதம் நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது பார்த்தேன், கன்னம் உப்பியிருந்தது. மாசி முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பத்திரிகை அடித்து வந்துவிட்டது, கோவில்பட்டியில் மண்டபம் சொல்லியாகிவிட்டது, சமையல்காரர் இரண்டு தடவை வந்து பேசிவிட்டுப் போய்விட்டார். இந்த நேரத்தில் அப்பனுக்கு என்ன எழுத்து வேலை என்று நீ நினைப்பாய். போனில் சொல்லலாம்தான். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அதையே சாக்காக வைத்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுவேன். ஏழு வருஷமாக அப்படித்தான் நிறுத்திக்கொண்டு வருகிறேன். அதனால் ஈஸ்வரியின் பழைய காலேஜ் நோட்டில் மிச்சம் கிடந்த பக்கங்களில் எழுதுகிறேன். உன் தங்கை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று கறாராகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே பொய் எழுத வழியில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து பேசினாய் அல்லவா, அதிலிருந்து தொடங்குகிறேன். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டு நான் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு உன் மஞ்சள் காரில்தான் ஊருக்கு வருவேன் என்றாய். "ஏலே, ரெண்டு பேரு உக்காருத காரு, தரையைத் தடவிக்கிட்டுப் போவுது. அத வச்சுக்கிட்டு இந்த ரோட்டுல அவ்வளவு வேகமா எதுக்கு? வேன் சொல்லுதேன், எல்லாரும் சேந்து வருவோம்" என்றேன். அவ்வளவுதான். உனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ தெரியவில்லை. "வேகம்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்கீங்கப்பா. பைக்குல நூறும் காருல இருநூறும் ஒண்ணு கெடையாது. பைக்குல நம்ம தோலுதான் பம்பர். நூறுக்கு மேல போனா அது தானா ஆடும், தானா சாயும், ஓட்டுதவன் கையில ஒண்ணுமே இல்ல. இது அப்படியா? தரையோட ஒட்டி ஓடுது. சுத்தி ஆறு ஏர்பேக் பலூன் இருக்கு. எது குறுக்க வந்தாலும் உள்ள இருக்கவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு நான் காருல கூட்டிட்டு வந்திருந்தா ஈஸ்வரிக்குக் காலு இருந்திருக்கும்" என்றாய்.

ஈஸ்வரி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அது உனக்குத் தெரியாது. நான் ஏதோ சொல்லிப் போனை வைத்தேன். அவள் மாட்டுகிற காலைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள், முழங்காலுக்குக் கீழே முடிகிற இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா, பைக்கு தானா சாயலன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்." எனக்கு மிளகாய்க் கையால் கண்ணைத் தொட்ட மாதிரி இருந்தது. "எப்பம்ட்டி தெரியும்?" என்று கேட்டேன். "விழுந்து கெடக்கும்போதே. மூஞ்சிக்கு நேரா வெள்ளக் கல்லு கெடந்துச்சு. நம்ம வீட்டுச் சுண்ணாம்பு எனக்குத் தெரியாதா?" என்றாள். ஏழு வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். பிறகு காலை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள். "அவன் அந்தக் காருல வாரதுக்கு முன்னால சொல்லிருங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் திரும்பவும் சொல்லப் போகிறேன். உனக்குத் தெரிந்தது பாதி என்பதால் பொறுத்துக்கொள்.

அந்த பைக்கை வாங்கிக் கொடுத்தவன் நான். அந்த வருஷம் மிளகாய் நல்ல விலைக்குப் போயிருந்தது. உன் அம்மா சாதாரண வண்டி போதும் என்றாள். "பிள்ள ஆசப்படுதான், நாம என்ன ஆசையைக் கண்டோம்" என்று அவள் வாயை அடைத்தேன். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி நீ அதைக் கோவில்பட்டியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த அன்று டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "அண்ணாச்சி, ஒம்ம மகன் மெயின் ரோட்டு விலக்குல திரும்பும்போதே இங்கன சத்தம் கேக்குதே" என்று அதன்பிறகு தினமும் யாராவது சொல்வார்கள். நான் கண்டிக்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு சிரித்தேன். விளாத்திகுளம் ரோட்டை அகலப்படுத்திப் புதுத் தார் போட்ட சமயம் அது. இரண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவில் வளைவே இல்லாமல் ரோடு. உன் சேக்காளிகள் எல்லாரும் வண்டியை முறுக்கிப் பார்க்க அங்கேதான் வருவார்கள். நீ நூற்று இருபதைத் தொட்டேன் என்று வந்து சொன்னபோது நான் உன்னிடம் கேட்டது, "பெட்ரோலு எவ்வளவுலே குடிக்குது?" என்றுதான். ஒரு அப்பன் கேட்கிற கேள்வியா அது? இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

உங்களுக்கு அது பந்தய ரோடு. எங்களுக்கு அதுதான் களம். ஊர்க் களத்தில் நாலு குடும்பம் மக்காச்சோளம் காயப்போட்டால் ஐந்தாவது குடும்பத்துக்கு இடமில்லை. தார் ரோட்டில் போட்டால் மேலே வெயில், கீழே சூடு, இரண்டு நாளில் மணி கலகலவென்று ஆகிவிடும். ஊரே செய்தது, நானும் செய்தேன். விபத்துக்கு முந்தின வருஷம் உன் அம்மா சோளத்தைக் காலால் கிளறிக்கொண்டிருந்தபோது ஒரு கார் அவள் முந்தானையை உரசிக்கொண்டு போனது. குப்புற விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். கார்க்காரன் நிற்கவில்லை. அன்றைக்கே நான் ஓடையில் இறங்கித் தலைப் பருமன் கல்லாகப் பார்த்துப் பொறுக்கி, சோளத்தைச் சுற்றி ரோட்டின் மேல் வரிசையாக வைத்தேன். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று, பொங்கலுக்கு வீட்டுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பைப் பூசினேன். இருபத்திரண்டு கற்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். அடுத்த வாரமே நாலு பேர் என்னைப் பார்த்துச் சுண்ணாம்பு பூசினார்கள். பாதுகாப்புக்கு நான் கண்டுபிடித்த வழி அது. நீ பலூனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வருகிறது.

சாயங்காலம் சோளத்தை அள்ளிய பிறகு கல்லை எடுத்து ஓரத்தில் போட வேண்டும். அதுதான் முறை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எடுத்துவிட்டால் மறுநாள் விடியுமுன் வேறு ஒருவன் வந்து அந்த இடத்தில் கொட்டிவிடுவான். கல் கிடந்தால் இடம் நமக்கு. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரிதான். தெற்குத்தெரு சங்கையா முந்தின நாள்தான் அப்படி என் இடத்தைப் பிடித்திருந்தான். அந்த எரிச்சல் எனக்குள் இருந்தது. அந்த மாசி மாதச் சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நானும் உன் அம்மாவும் அடித்துப் பிடித்துச் சோளத்தை அள்ளி டிராக்டரில் ஏற்றித் தார்ப்பாயைப் போட்டோம். உன் அம்மா டிரெய்லரில் ஏறும்போது, "ஏங்க, கல்ல எடுக்கலையா?" என்று கேட்டாள். "கெடக்கட்டும். நாளைக்கும் காயப் போடணும்லா" என்றேன். "இருட்டப் போவுதுங்க" என்றாள். "வெள்ளையாத்தான கெடக்கு, குருடனுக்கும் தெரியும். நீ ஏறு மொதல்ல" என்றேன். இந்த வாயால் நான் சொன்ன சொல் அது. அச்சு மாறாமல் எழுதியிருக்கிறேன்.

அதற்கு அரைமணி நேரம் கழித்து நீ ஈஸ்வரியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அந்த வழியாக வந்தாய். அவள் காலேஜில் ஏதோ விழா முடிந்து பஸ்ஸை விட்டிருந்தாள். மழைக்கு முன்னால் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்று உனக்கு அவசரம். எவ்வளவு வேகம் என்று நீ யாரிடமும் சொல்லவில்லை. ஈஸ்வரி உன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறாள், நூற்றுப் பத்துக்கு மேல் என்கிறாள். முன் சக்கரம் கல்லில் ஏறியதும் நீ பறந்து போய்ச் சங்கையாவின் உழுத காட்டில் விழுந்தாய். பொதுபொதுவென்று கிடந்த கரிசல் உன்னைத் தாங்கிக்கொண்டது. தோள்பட்டை மட்டும்தான் நழுவியது. அவள் தாரில் விழுந்தாள். வண்டி அவள் கால் மேல் விழுந்து, காலையும் இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனது. ஒரே வண்டி, ஒரே வேகம், ஒரே கல். ஒருவருக்கு மண் கிடைத்தது, ஒருவருக்குத் தார் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கல்லுப்பா. ஏதோ வெள்ளையா கெடந்துச்சு" என்று சொன்னாய். மறுநாள் காலை, மாற்றுத் துணி எடுத்து வருகிறேன் என்று ஊருக்கு வந்தேன். துணி எடுக்க வீட்டுக்குப் போகவில்லை. நேராக அந்த இடத்துக்குப் போனேன். இருபத்திரண்டு கல்லையும் பொறுக்கி டிரெய்லரில் போட்டுக்கொண்டு போய் வடக்குப் புஞ்சையில் கிடக்கிற பாழுங்கிணற்றில் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒரு கல்லில் டயர் ரப்பர் கறுப்பாக அப்பியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். பிறகு அதையும் போட்டேன். பத்து மணிக்குப் போலீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். சுத்தமான ரோடு. அதிவேகம், கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன்.

அன்று மதியம் நான் திரும்பி வந்ததும் நீ மறுபடியும் கல் என்று ஆரம்பித்தாய். வார்டு வராந்தாவில், உன் மாமன்மார், சித்தப்பா, யாரோ முன்பின் தெரியாதவர்கள், அத்தனை பேருக்கு முன்னாலும் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். "எங்கலே கல்லு? நான் போய்ப் பாத்துட்டுத்தான வாரேன். ஒரு கல்லு கெடையாது அங்கன. ஒன் வேகத்துக்குக் கல்லு மேல பழி போடுதியா?" என்று கத்தினேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அப்பா பொய் சொல்வார் என்று உனக்குத் தோன்றவே இல்லை. கல்லைக் கண்ட உன் கண்ணைத்தான் நீ சந்தேகப்பட்டாய். நாலாம் நாள் அவள் காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு நீ கல்லைப் பற்றிப் பேசவே இல்லை.

உன் அம்மாவுக்கும் தெரியும், கதிரேசா. கல் கிடந்ததும் தெரியும், மறுநாள் இல்லாமல் போனதும் தெரியும். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருஷத்தோடு சோள வேலைக்கு என்னோடு வருவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். ஆக, இந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது வண்டியை ஓட்டியவனுக்கு மட்டும். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோம், தீபாவளிக்கு நீ வரும்போது உனக்கும் பரிமாறியிருக்கிறோம். நான் இந்த நோட்டை எடுத்து உட்கார்ந்ததும் உன் அம்மா வாசலில் வந்து நின்றாள். "எழுதப் போறீங்களாக்கும்" என்றாள். ஆமாம் என்றேன். "எம் பேரையும் சேத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எழுதிவிட்டேன்.

நீ அந்த வண்டியை எடைக்குப் போட்டாய். பெங்களூர் போனாய். ஏன் விழுந்தோம் என்று உனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. இருந்த காரணத்தை நான் கிணற்றில் போட்டுவிட்டதால் நீ வேறு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தாய். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாய். இரண்டு சக்கரம் வேகத்தில் எப்படி ஆடும், கைப்பிடி எப்படி அடித்துக்கொள்ளும் என்று எனக்கே அனுப்பினாய். நான் பார்த்துவிட்டு, 'சரிதான்' என்று பதில் போட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நீ என்ன செய்தாலும் தகும். அதைப் பிடித்துக்கொண்டுதான் நீ பைக் என்றால் சாவு, கார் என்றால் பிழைப்பு என்று முடிவு கட்டினாய். வேகத்தில் தப்பில்லை, வண்டியில்தான் தப்பு என்று நம்பினாய். ஏழு வருஷம் சேர்த்துவைத்து, இரண்டு கதவு, இரண்டு சீட்டு உள்ள அந்தப் பழைய பந்தயக் காரை வாங்கினாய். என் பொய்க்கு நாலு சக்கரம் மாட்டினால் அதுதான் உன் கார்.

உன்னை நான் விட்டுவிடவும் இல்லை. அதையும் கேட்டுக்கொள். ஐம்பதில் வந்திருந்தால் அந்த வெள்ளைக் கல் உனக்குத் தெரிந்திருக்கும். சங்கையாவின் மருமகன் உனக்குப் பத்து நிமிஷம் முன்னால் பழைய எக்ஸெல் மொபெட்டில் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு அதே வழியாகத்தான் போனான். கல்லைப் பார்த்து, என்னை நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு ஒதுங்கிப் போயிருக்கிறான். அதை அவனே பிறகு என்னிடம் சொன்னான். காசு கொடுக்காமல், கெஞ்சி அவன் வாயை மூடினேன். கல் என்னுடையது, வேகம் உன்னுடையது. என் பங்கை நான் ஒளித்துவிட்டதால் உன் பங்கும் உனக்குச் சரியாகத் தெரியாமல் போனது. முழுப் பழியையும் சுமந்த நீ, கடைசியில் அதைத் தூக்கி ஒரு வண்டியின் தலையில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாய். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது என்னைக் கோவில்பட்டியிலிருந்து அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாயே, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று உனக்கு வருத்தம். இப்போது சொல்கிறேன். உட்கார்ந்தால் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நீ நூற்று அறுபது என்று முள்ளைக் காட்டினாய். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. காற்று இல்லை, சத்தம் கூட அடங்கித்தான் கேட்டது, ஏசி முகத்தில் அடித்தது. பைக்கில் அறுபதில் போனாலே கண்ணில் தண்ணீர் வரும், சட்டை படபடக்கும், கொஞ்சம் மெதுவாகப் போவோமா என்று மனசு சொல்லும். உன் காரில் பயத்துக்கு உட்கார இடமே இல்லை. அது நல்ல கார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கவிழ்ந்தாலும் நீ எழுந்து வருவாய், அதையும் நம்புகிறேன். நீ சொல்கிற கணக்கில் பாதி சரி. உள்ளே இருப்பவனுக்கு பைக்கைவிடக் கார் நூறு மடங்கு மேல்.

ஆனால் விலக்குக்கு முன்னால் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? புதூர்ப் பக்கத்திலிருந்து கிடை போட வந்த ஆடுகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. நீ ஆரனை அழுத்தி, பிறகு பிரேக்கை அழுத்தினாய். கார் நாலு விரல் இடைவெளியில் நின்றது. "பாத்தீங்களாப்பா பிரேக்க, பைக்குன்னா இந்நேரம் நாம அங்கன கெடப்போம்" என்று பெருமையாகச் சொன்னாய். உன் பேச்சை நிறுத்தியிருந்தால் அந்த ஆட்டுக்காரப் பெண் சொன்னதும் உனக்குக் கேட்டிருக்கும். கார் நின்றதும் நான் என் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தேன். ஒரு குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தினாள்: "ஏலே, ஆட்டுக்கு ஆரன் புரியுமாலே? நீங்க டப்பாக்குள்ள இருக்கிய, ஒங்களுக்கு என்ன? நாங்கல்லா ரோட்டுல நிக்கோம்!" உன் அம்மாவை உரசிவிட்டுப் போன கார்க்காரனும் உள்ளே பத்திரமாகத்தான் இருந்திருப்பான்.

அதனால்தான் பைக்கா காரா என்கிற உன் பேச்சு எனக்கு எரிச்சலாக இருக்கிறது. வேகமாகப் போகிற பைக்குக்காரன் பெரும்பாலும் தன்னையும் தனக்குப் பின்னால் நம்பி உட்கார்ந்தவளையும் முறித்துக்கொள்கிறான். வேகமாகப் போகிற கார்க்காரன் தப்பித்துக்கொண்டு வெளியே நிற்பவரை முறிக்கிறான். இதில் எது பாதுகாப்பு என்று கேட்டால் நான் என்ன சொல்ல? நான் கல் வைத்ததும் பாதுகாப்புக்குத்தான். உன் அம்மாவுக்குப் பாதுகாப்பு. அது என் மகள் காலைக் கேட்டது. யாருக்குப் பாதுகாப்பு, யாரைப் பலி வைத்துப் பாதுகாப்பு என்று கேட்காமல் நான் சுண்ணாம்பு பூசினேன், நீ கார் வாங்கியிருக்கிறாய்.

ஈஸ்வரி இப்போது எதில் போகிறாள் என்று உனக்குத் தெரியும். பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில்தான் தீப்பெட்டி ஆபீசுக்குக் கணக்கு எழுதப் போகிறாள். "எனக்கு ஒண்ணரைக் காலு, வண்டிக்கு நாலு காலு, கூட்டிக் கழிச்சா சரியாப் போச்சு" என்று அவளே கேலி பேசுவாள். காலை எட்டரைக்குப் போவாள், சாயங்காலம் ஆறரைக்குத் திரும்புவாள், அதே ரோடு, அதே இடம். அவளைச் சுற்றிப் பலூன் கிடையாது, ஒரு துப்பட்டாதான் இருக்கிறது. தங்கைக்கு முடிக்காமல் அண்ணனுக்குக் கல்யாணமா என்று ஊரில் பேசுகிறார்கள். "எனக்காக அவன் காத்துக் கெடக்காண்டாம், மொதல்ல அவனுக்கு முடிங்க" என்று சொன்னவளும் அவள்தான். ஒரு நாள் உன் காரில் அவளை உட்காரவைத்துக் காட்ட வேண்டும், பழைய பயம் போய்விடும் என்று உனக்கு ஆசை. நான் அதைச் சொன்னேன். "அந்தக் காருல எனக்கு ஏதுப்பா சீட்டு? ஒரு சீட்டு அவனுக்கு, ஒண்ணு மதினிக்கு. நான் எப்பவும் ரோட்டுலதான போவேன்" என்றாள். குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத இரண்டு தடவை பேனாவை வைத்தேன், எழுதவில்லை. மன்னிப்புக் கேட்பவன் விபத்து நடந்த மறுநாள் கேட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு கல்லைத் தூக்கத் தெம்பு இருந்தது, ஒரு வார்த்தை சொல்லத் தெம்பு இல்லை. நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி, கல்யாணத்தன்று தாலி எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிடாமல் உன் மாமனைக் கூப்பிட்டாலும் சரி, நான் ஓரமாக நின்றுகொள்வேன். உன் தங்கை கேட்டது ஒன்றுதான்: அண்ணன் இந்த ரோட்டில் காலை வைக்குமுன் அவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். இப்போது தெரிந்துவிட்டது. உன் வண்டி அன்று தானாக ஆடவில்லை, தானாகச் சாயவில்லை. வேகத்துக்கு முன்னால் ஒன்று கிடந்தது. நாளைக்கும் ஏதாவது ஒன்று கிடக்கும், அல்லது யாராவது ஒருவர் நிற்பார்.

காரை எடுத்துக்கொண்டே வா. வராதே என்று தடுக்கிற யோக்கியதையை நான் எப்போதோ இழந்துவிட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷமாக நான் ரோட்டில் காயப்போடவில்லை, ஈரத்தோடு வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். இந்த வருஷம் தை மழையில் கதிர் நனைந்துவிட்டது, வியாபாரி ஈரச் சோளத்தைத் தொடமாட்டேன் என்கிறார், களத்திலும் இடமில்லை. வேறு வழியில்லை என்று சொல்வது எனக்குப் பழகிப்போன பொய்தான், இருந்தாலும் எழுதுகிறேன். போன வியாழக்கிழமையிலிருந்து அதே இடத்தில் காயப்போட்டிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவந்து கொட்ட முடிகிறது, நீ கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வரும்போதும் அங்கே சோளம் கிடக்கும். உன் அம்மா வருவதில்லை. கிளறுவது, அள்ளுவது எல்லாம் நான்தான். சங்கையா கூட, "என்ன அண்ணாச்சி, கல்லு வைக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

வைக்கவில்லை. ஒரு கல் கூட வைக்கவில்லை. கல் இருந்த இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நான் நிற்கிறேன். கல்லாக இருந்தால் சக்கரம் தடுக்கும், நான் தடுக்கமாட்டேன். எது குறுக்கே வந்தாலும் உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நீதான் சொன்னாயே. வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டோடு நிற்பேன். குருடனுக்கும் தெரியும்.

உன் அப்பா